மலையகத்தில் ஊடுபால் மக்களுக்குத் துணைநிற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவில் கேட்கும். பீலியில், அதாவது பொதுத் தண்ணீர் விழும் இடத்தில், குளிக்கும்போது நாலு பேர் கண் படும். ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்லப் பக்கத்துக் கட்டில்காரர்தான் வருவார். உடம்பைப் பற்றிய ஒரு செய்தியை இப்படிப்பட்ட இடத்தில் காப்பாற்றி வைப்பது லேசான காரியமல்ல. ஊடுபாலாகப் பிறந்தவர்களுக்காக அயலவர், உறவினர், ஆசிரியர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா, தோட்டத் தலைவர் ஆகியோர் என்ன செய்யலாம், எதில் கை வைக்கவே கூடாது என்பதற்கான பதில்கள் இவை.

ஊடுபால் என்றால் என்ன?

பிறக்கும்போதே உடம்பின் பால் அடையாளங்கள் வழக்கமான ஆண் உடம்பு, வழக்கமான பெண் உடம்பு என்ற இரண்டில் ஒன்றுக்குள் முழுதாக அடங்காமல் இருப்பது. வெளி உறுப்பு, உள்ளே இருக்கும் கருப்பை, சூலகம் அல்லது விதை, ஹோர்மோன், குரோமோசோம் ஆகிய எதில் வேண்டுமானாலும் இந்த வேறுபாடு இருக்கலாம். சிலருக்குப் பிறந்தவுடன் தெரியும். சிலருக்குக் குழந்தையில் குடலிறக்கம் என்று வெட்டும்போது தெரியும். பலருக்கு 15, 16 வயதில்தான் தெரியும். கடைசிவரை தெரியாமலே வாழ்ந்து முடிப்பவர்களும் உண்டு.

இது ஒரு நோயின் பெயரல்ல. பல நிலைமைகளைச் சேர்த்துச் சொல்லும் சொல். அதனால் ஒருவருக்குச் சரியான ஆலோசனை இன்னொருவருக்குப் பிழையாகலாம்.

அப்படியென்றால் திருநங்கையா?

இல்லை. திருநங்கை, திருநம்பி என்பது ஒருவர் தன்னை ஆணாக, பெண்ணாக உணர்வது பற்றியது. ஊடுபால் என்பது உடம்பு எப்படி அமைந்தது என்பது பற்றியது. ஊடுபாலாகப் பிறந்தவர்களில் பெரும்பாலானோர் தங்களைச் சாதாரணமாகப் பெண் என்றோ ஆண் என்றோதான் சொல்வார்கள். சிலர் இரண்டும் இல்லை என்பார்கள். யாரைக் கட்டிக்கொள்ள விரும்புகிறார்கள் என்பதும் இதிலிருந்து தெரியாது. அவர் தன்னை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே கூப்பிடுங்கள். அக்கா என்றால் அக்கா, தம்பி என்றால் தம்பி.

நம்ம தோட்டத்தில் அப்படி யாரும் இல்லையே?

ஐக்கிய நாடுகள் சபை சொல்லும் கணக்கு 100 பேரில் 0.05 முதல் 1.7 வரை. இடைவெளி இவ்வளவு பெரிதாக இருப்பது எந்தெந்த நிலைமையை இதில் சேர்ப்பது என்பதில் ஒருமித்த கருத்து இல்லாததால். குறைந்த கணக்கை எடுத்தாலும் 2,000 பேருக்கு ஒருவர். அதாவது இரண்டு மூன்று டிவிஷன் சேர்ந்த ஒரு தோட்டத்தில் ஒருவராவது இருக்கலாம். உங்களுக்குத் தெரியவில்லை என்றால், யாரோ ஒரு தாய் அதைப் பத்திரமாக வைத்திருக்கலாம். தேடிக் கண்டுபிடிக்க வேண்டாம்.

எந்தச் சொல்லைப் பேசலாம்?

எழுத்தில் ஊடுபால் என்றோ இடைப்பாலினம் என்றோ சொல்லலாம். பேச்சில் இன்டர்செக்ஸ் என்றாலும் பிழையில்லை. டொக்டர்மார் துண்டில் டீ.எஸ்.டீ. (DSD, பால் வளர்ச்சி வேறுபாடு) என்று எழுதுவார்கள். 2006இல் மருத்துவ உலகம் ஒத்துக்கொண்ட பெயர் அது. அலி, ஒம்பது, பொட்டை, ரெண்டுங்கெட்டான் ஆகியவை வேண்டவே வேண்டாம், விளையாட்டுக்கும் வேண்டாம். 'அர்த்தநாரீஸ்வரர் அம்சம்' என்று கும்பிடப் போவதும் உதவியல்ல. அந்தப் பிள்ளைக்குத் தெய்வமாக இருக்க வேண்டிய தேவை இல்லை, பிள்ளையாக இருந்தால் போதும்.

வீட்டுக்குள் பேசும்போது சொல்லே தேவைப்படாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.

குழந்தை பிறந்த வீட்டுக்குப் போகிறேன். "ஆம்பளயா பொம்பளயா" என்று கேட்காமல் எப்படி?

"புள்ள நல்லா பால் குடிக்குதா? ஆத்தா சாப்பிட்டிச்சா?" என்று கேளுங்கள். அந்த வீட்டார் அந்த நேரத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அதுதான். துணியை விலக்கிப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதை நிறுத்துங்கள், மற்றவர்கள் செய்தால் "குளிரும், மூடு" என்று சொல்லி மூடிவிடுங்கள். நுவரெலியாப் பக்கத்துக் குளிருக்கு அது நம்பும்படியான காரணம்தான்.

பெற்றோர் பெயர் வைக்கத் தடுமாறினால் ஜோதி, மணி போல இரு பக்கமும் பொருந்தும் பெயர்கள் நம்மிடம் இருக்கின்றன என்று நினைவுபடுத்தலாம். வற்புறுத்த வேண்டாம்.

இதில் உயிராபத்து இருக்கிறதா?

ஒரு நிலைமையில் இருக்கிறது. அதைத் தோட்டத்தில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அதைச் சீ.ஏ.எச். (CAH) என்று டொக்டர்மார் சொல்வார்கள். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல இருக்கும் அதிரீனல் சுரப்பி, கோர்டிசோல் என்ற ஹோர்மோனைப் போதிய அளவு செய்யாது. சுமார் 10,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒன்று. பெண் குழந்தைக்கு இது இருந்தால் பெண்குறி மொட்டு பெரிதாகி ஆண் குழந்தை போலத் தோன்றலாம். ஆண் குழந்தைக்கு வெளியில் ஒன்றுமே தெரியாது. கடுமையான வகையில் பிறந்த நாலு பிள்ளைகளில் மூன்று பேருக்கு உடம்பில் உப்பு நிற்காது.

பிறந்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் இப்படி நடக்கும்: பால் குடிக்க மறுக்கும், வாந்தி எடுக்கும், எடை கூடாமல் குறையும், சோர்ந்து கிடக்கும், கண் உள்ளே போகும், சிறுநீர் குறையும். பார்ப்பவர்கள் வயிற்றுப்போக்கு, பால் ஒத்துக்கொள்ளவில்லை, கண்ணேறு என்பார்கள். தண்ணீரும் கொத்தமல்லியும் கொடுத்து ஒரு நாள் பார்ப்பார்கள். அந்த ஒரு நாளில் இரத்தத்தில் சோடியம் இறங்கி, பொட்டாசியம் ஏறி, பிள்ளை போய்விடும். ஆண் குழந்தைகளில் இது தவறவிடப்படுவது அதிகம், சந்தேகிக்க வெளியில் ஓர் அடையாளமும் இல்லாததால்.

எனவே மூன்று வாரத்துக்குட்பட்ட பிள்ளை இப்படிச் சோர்ந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு எடுங்கள், காசில்லை. றோட்டு மோசமென்றால் லொறியோ முச்சக்கரவண்டியோ எது கிடைக்கிறதோ அதில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். போனதும் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும்: பிள்ளையின் வெளியுறுப்பில் வேறுபாடு உண்டா, இந்தக் குடும்பத்தில் முன்பு ஒரு குழந்தை முதல் மாதத்தில் வாந்தி எடுத்து இறந்ததா. இரண்டாவது கேள்விக்கு "ஆமா" என்ற பதில் வந்தால் டொக்டர் உடனே இரத்தத்தில் உப்பைச் சோதிப்பார்.

சீ.ஏ.எச். உள்ள பிள்ளை பக்கத்து வீட்டில் வளர்கிறது. நான் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

அந்தப் பிள்ளைக்கு ஹைட்ரோகோர்டிசோன் மாத்திரை பொதுவாக நாளுக்கு மூன்று வேளை. ஒரு வேளையும் தவறக் கூடாது. உப்பு நிற்காத பிள்ளைக்கு ஃபுளூட்ரோகோர்டிசோனும், குழந்தைப் பருவத்தில் உப்பும் கொடுப்பார்கள். உப்பின் அளவு நாளுக்கு 1 முதல் 2 கிராம், அதையும் பல வேளையாகப் பிரித்துத்தான். ஒரு தேக்கரண்டி மட்டமாக அள்ளினால் 5 கிராமுக்கு மேல் வந்துவிடும். கண்ணளவில் போடுவது ஆபத்து. ஆஸ்பத்திரி சொன்ன அளவுப்படி மட்டுமே.

காய்ச்சல் வந்தால் மாத்திரையைக் கூட்ட வேண்டும். 38 பாகைக்கு மேல் இரட்டிப்பு, 39க்கு மேல் மூன்று மடங்கு என்பது பொதுவான வழிகாட்டல். தன் பிள்ளைக்கான அளவைத் தாய் கிளினிக்கில் எழுதி வாங்கி வைத்திருக்க வேண்டும். மாத்திரை கொடுத்து அரை மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவை மறுபடி கொடுங்கள். மறுபடியும் வாந்தி என்றால் மாத்திரையை விட்டுவிட்டு ஊசிக்கு ஓடுங்கள். ஊசியின் அளவு 3 வயது வரை 25 மில்லிகிராம், 12 வரை 50, அதற்கு மேல் 100.

துணைநிற்பவர் செய்யக்கூடிய பெரிய உதவி ஒரு சின்ன அட்டை. பிள்ளையின் பெயர், நோயின் பெயர், "வாந்தி எடுத்தால் ஹைட்ரோகோர்டிசோன் ஊசி உடனே" என்ற வரி ஆகியவற்றைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் டொக்டரிடம் எழுதிக் கையொப்பம் வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு பிள்ளையின் பையில் வைக்கச் சொல்லுங்கள். தாய் மலையில் கொழுந்து எடுக்கும்போது பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில்) வாந்தி எடுத்தால், ஆயம்மா அந்த அட்டையைக் காட்டினால் போதும். அட்டையில் பிறப்புறுப்பு பற்றி ஒரு சொல்லும் இருக்கத் தேவையில்லை.

மழைக்காலத்தில் மண் சரிந்து றோட்டு மூடுவது வழக்கம்தானே. கையிருப்பில் எப்போதும் இரண்டு வார மாத்திரை கூடுதலாக இருக்கிறதா என்று ஐப்பசிக்கு முன் ஒருதரம் கேளுங்கள்.

சத்திரசிகிச்சை செய்து 'சரியாக்கி'விட்டால் பிள்ளைக்கு நல்லதுதானே?

உப்பு அவசரம், வெட்டு அவசரமில்லை. இதை மட்டும் நினைவில் வைத்தாலும் ஒரு பிள்ளைக்கு நீங்கள் பெரிய உதவி செய்தவர் ஆவீர்கள்.

சிறுநீர் போக வழியில்லை, குடல் வெளியே இருக்கிறது போன்றவற்றுக்கு உடனே சத்திரசிகிச்சை வேண்டும், அதில் தயக்கமே கூடாது. ஆனால் உறுப்பு பார்வைக்குப் பெண் போல, ஆண் போல இருக்க வேண்டும் என்பதற்காகக் குழந்தையில் செய்யும் வெட்டு உயிரைக் காப்பாற்றும் வெட்டல்ல. பெண்குறி மொட்டைக் குறைத்தால் நரம்பு அறுபட்டு உணர்ச்சி போகலாம். யோனி வாயைக் குழந்தையில் உருவாக்கினால் தழும்பு சுருங்கி, பருவ வயதில் மறுபடி மறுபடி வெட்ட நேரிடலாம். சிறுநீர்த் துவாரம் கீழே இருக்கும் ஆண் பிள்ளைக்குச் செய்யும் தையலில் ஓட்டை விழுந்து சிறுநீர் ஒழுகலாம். அந்தப் பிள்ளை பெரியவராகித் தன்னை எப்படி உணரப் போகிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. வெட்டியதைத் திருப்பி வைக்கவும் முடியாது.

உள்ளே இருக்கும் விதையை அல்லது சூலகத்தை எடுப்பது பற்றி டொக்டர் பேசினால், காரணமாகப் புற்றுநோயைச் சொல்வார். அது பொய்யல்ல, ஆனால் எல்லா நிலைமைக்கும் ஒரே அளவல்ல. ஆண் ஹோர்மோனை உடம்பு முற்றாக ஏற்காத நிலையில் (சீ.ஏ.ஐ.எஸ்., CAIS என்று துண்டில் இருக்கும்) பருவமடையும் முன் ஆபத்து மிகக் குறைவு, பொறுத்திருக்கலாம். சூலகமோ விதையோ சரியாக வளராமல், வை (Y) குரோமோசோமும் இருக்கும் நிலையில் ஆபத்து கணிசமானது, அங்கே எடுப்பதற்கு நியாயம் உண்டு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "எந்த நிலைமை, இந்த வயதில் எவ்வளவு ஆபத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே இருக்க முடியாதா?"

பெற்றோர் கையொப்பம் வைக்கும் முன் கேட்பதற்கு இவற்றை ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கொடுங்கள்: இன்றைக்குச் செய்யாவிட்டால் என்ன நடக்கும்? பிள்ளை தானே பேசும் வயது வரை பொறுத்தால் என்ன இழப்பு? இதே சத்திரசிகிச்சை செய்த எத்தனை பிள்ளைகளைப் பெரியவர்களாகிய பின் பார்த்திருக்கிறீர்கள்? எத்தனை தடவை வெட்ட வேண்டி வரும்? எதை எடுக்கிறீர்கள், அதன் பின் ஹோர்மோன் எத்தனை வருஷம்? இரண்டாவது டொக்டரிடம் கேட்டுவிட்டு வரலாமா? நல்ல டொக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

எனக்குச் சிங்களம் தெரியும் என்று கூட வரச் சொல்கிறார்கள். எப்படி மொழிபெயர்ப்பது?

மலையகத்தில் துணைநிற்பது என்றால் பாதி இதுதான். இங்கே நடக்கும் பிழைகளும் அதிகம்.

டொக்டர் நாலு வசனம் பேசுகிறார். அதில் நடுவில் "ஹதிஸ்ஸியக் நே" என்று ஒரு சின்ன வார்த்தை, அவசரமில்லை என்று. மொழிபெயர்க்க வந்தவர் கடைசி வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு "ஆபரேஷன் செய்யணுமாம்" என்கிறார். தாய் பயந்து கையொப்பம் வைக்கிறார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் விழுந்துபோன அந்த இரண்டு வார்த்தையில்தான் பிள்ளையின் உடம்பு இருந்தது.

ஒரு வசனம் முடிந்ததும் டொக்டரை நிறுத்தச் சொல்லி, அதை முழுதாகச் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். சுருக்காதீர்கள். உங்கள் கருத்தைச் சேர்க்காதீர்கள். வெட்கமான சொல் வந்தால் விழுங்காதீர்கள். "அந்த இடம்" என்று சொன்னால் எந்த இடம் என்று தாய்க்குத் தெரியாது. புரியாத சொல்லை டொக்டரிடம் எழுதித் தரச் சொல்லுங்கள். கடைசியில் தாயைத் தன் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லி, அதைச் சிங்களத்தில் டொக்டரிடம் சொல்லிச் சரிபாருங்கள். இதற்கு ஐந்து நிமிஷம் கூடப் போகும், கிளினிக்கில் வரிசை நீளமாகத்தான் இருக்கும். அந்த ஐந்து நிமிஷத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிள்ளை 10 வயதுக்கு மேல் என்றால் பிள்ளைக்கும் சொல்லுங்கள். அதன் தலைக்கு மேலால் பேசிக்கொண்டிருக்க வேண்டாம்.

மாணவ டொக்டர்மார் கூட்டமாக வந்து பார்க்க விரும்பினால், போனில் போட்டோ எடுக்க விரும்பினால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. சொல்லக் கூச்சப்படுவார்கள். "ஒருத்தர் பாத்தா போதும் டொக்டர்" என்று நீங்கள் சொல்லிக் கொடுங்கள். உடம்பை ஓயாமல் ஆட்கள் பார்ப்பது சிகிச்சையல்ல, அது பிள்ளையின் மனதில் நிற்கும்.

வீட்டுக்கு வந்தபின் அந்த அறையில் கேட்ட எதுவும் உங்கள் மனைவிக்கோ கணவருக்கோகூடச் சொல்வதற்கல்ல.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது?

தோட்ட டிஸ்பென்சரியில் இதைப் பார்க்க முடியாது, கடிதம்தான் வாங்கலாம். குழந்தை என்றால் பேராதனையில் உள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலை அல்லது கொழும்பு ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை. ஹட்டனிலிருந்து வரும் கண்டி பஸ் பேராதனை வழியாகத்தான் போகும். பதுளைப் பக்கத்தார் முதலில் பதுளைப் பெரியாஸ்பத்திரியில் காட்டிக் கடிதம் எடுக்கலாம். கேட்க வேண்டியது குழந்தைகளுக்கான ஹோர்மோன் வைத்திய நிபுணரை. நேரே சத்திரசிகிச்சை நிபுணரிடம் போனால் பேச்சு வெட்டிலிருந்தே தொடங்கும்.

ஒரு கிளினிக் நாள் என்றால் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். தாய், தகப்பன் இருவரும் போனால் இரண்டு பேர். மற்றப் பிள்ளைகளை ஸ்கூலில் இருந்து கூட்டி வந்து சோறு போடுவது, பஸ் காசுக்குக் கை கொடுப்பது, இந்த இரண்டும் பல சமயம் எந்த ஆறுதல் வார்த்தையையும் விடப் பெரிது. குரோமோசோம் பரிசோதனை முடிவு வர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை "என்னாச்சு?" என்று கேட்டு நச்சரிக்காமல் இருப்பதும் உதவிதான்.

பிறப்புப் பதிவில் என்ன போடுவது?

பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும். படிவத்தில் ஆண், பெண் இரண்டுதான். ஆனால் 42 நாள் என்பது நிறைய நேரம். வார்டில் இரண்டாம் நாளே யாராவது அவசரப்படுத்தினால், பரிசோதனை முடிவு வரும் வரை பொறுக்கலாம் என்று தகப்பனுக்குச் சொல்லுங்கள். முடிவைப் பார்த்து, டொக்டர் குழுவுடன் பேசி, பெரும்பாலும் இந்தப் பிள்ளை எப்படி வளரும் என்பதை வைத்துப் பதியலாம். அப்படிப் பதிவதற்காக உறுப்பை வெட்ட வேண்டிய அவசியம் கிடையாது.

பதியாமல் மட்டும் விடாதீர்கள். பத்திரம் இல்லாத வாழ்க்கை என்ன என்பதை 1948 பிரஜாவுரிமைச் சட்டத்திலிருந்து மலையகம் அனுபவித்தது போதும். 42 நாள் தாண்டினாலும் பதியலாம், கூடுதல் பத்திரங்கள் கேட்பார்கள்.

பிற்காலத்தில் பதிவை மாற்ற வேண்டி வந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் வைத்திய நிபுணரின் கடிதத்தோடு போய்க் கேட்க வேண்டும். 2016இல் வந்த பால் அங்கீகாரச் சான்றிதழ் சுற்றறிக்கை திருநர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது, மனநல வைத்தியர் வழியாகப் போவது. ஊடுபாலருக்கு அது நேராகப் பொருந்தாது. அதனால்தான் டயக்னோசிஸ் கார்ட், இரத்த ரிப்போர்ட், ஸ்கேன் எல்லாவற்றையும் போட்டோ கொப்பி எடுத்து, ஈரம் படாத உறையில் வைக்கச் சொல்கிறோம். லயத்துச் சுவர் ஈரத்தில் பத்து வருஷத்துத் துண்டு எழுத்தழிந்துவிடும். பிள்ளை வளர்ந்து, தனக்கு என்ன செய்தார்கள் என்று கேட்கும்போது காட்டவும் அது வேண்டும்.

பிள்ளை மடுவத்தில், பீலியில் எப்படி?

ஆயம்மா ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும், துணி மாற்றுவதையும் அவர் ஒருவரே செய்ய வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கும் ஒரு சீலைத் திரைக்குப் பின்னால் மாற்றினால் இந்தப் பிள்ளை தனித்துத் தெரியாது. ஒரு பிள்ளைக்கு மட்டும் திரை போட்டால் அதுவே அறிவிப்பு ஆகிவிடும்.

பீலிக்கும் அப்படியே. நாலு கம்பும் பழைய தகரமும் போட்டு மறைப்புக் கட்டினால் எல்லாப் பெண்களுக்கும் நிம்மதி. தோட்டத் தலைவர் நிர்வாகத்திடம் கேட்டு வாங்கக்கூடிய காரியம் இது, காரணமாக யாருடைய பெயரையும் சொல்லத் தேவையில்லை.

மகளுக்கு 15 வயதாகியும் பெரியவளாகவில்லை. லயமே கேட்கிறது.

"இன்னும் ஆகலையா?" என்ற கேள்வியை நிறுத்துவதுதான் முதல் உதவி. பெரியம்மா, சித்தி, அத்தை யார் கேட்டாலும், "அதது நேரத்துக்கு ஆகும், படிக்கிற புள்ளய விடுங்க" என்று நீங்கள் குறுக்கே விழுங்கள்.

ஆனால் தாயிடம் தனியாக ஒன்று சொல்லுங்கள்: 15 வயதாகியும் மாதவிடாய் வரவில்லை என்றால், அல்லது 13 வயதாகியும் மார்பு வளரவே இல்லை என்றால், டொக்டரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் சத்துக் குறைவோ மெலிவோ குடும்பத்தில் எல்லோருக்கும் பிந்தி ஆகும் வழக்கமோதான் காரணமாக இருக்கும். சிலருக்கு வேறு. மார்பு வளர்ந்து, அக்குளில் முடி மிகக் குறைவாக இருந்து, மாதவிடாய் மட்டும் இல்லை என்றால் முன்பு சொன்ன சீ.ஏ.ஐ.எஸ். ஆக இருக்கலாம். மார்பும் முடியும் சாதாரணமாக இருந்து கருப்பை உருவாகாமல் இருப்பது சுமார் 5,000 பெண்களில் ஒருவருக்கு. குட்டையாக, மார்பு வளராமல் இருந்தால் டர்னர் நிலைமை, அது சுமார் 2,500 பெண் பிறப்பில் ஒன்று. கடைசி இரண்டையும் ஊடுபால் என்று சொல்வதா என்பதில் இரு கருத்து உண்டு. பிள்ளைக்குத் தேவைப்படும் ஆதரவு ஒன்றுதான்.

முதல் பரிசோதனை இரத்தமும் வயிற்றின் மேலால் செய்யும் ஸ்கேனும். ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும்: ஒரு மணித்தியாலம் முன் நாலைந்து கிளாஸ் தண்ணீர் குடித்து அடக்கி வைத்திருக்க வேண்டும். பஸ்ஸில் ஏறும் முன் குடித்தால் பாதி வழியில் அவதிதான், ஆஸ்பத்திரிக்குப் போனபின் குடிக்கச் சொல்லுங்கள். விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனை இந்த வயதில் முதல் படியாகத் தேவையில்லை. எதைப் பார்த்தாலும் ஒரு பெண் உத்தியோகத்தர் கூட இருக்கக் கேட்கலாம்.

பேச்சை அடக்குவதற்காக ஆகாத பிள்ளைக்குச் சடங்கு வைத்துவிடும் வீடுகள் உண்டு. பந்தல், மாமன் சீர், போட்டோ எல்லாம் நடக்கும். பெற்றோரின் தவிப்பு புரிகிறது. ஆனால் பிள்ளையைக் கேட்காமல் செய்தால், தன் உடம்பைப் பற்றிய பொய்யைத் தானே அலங்காரத்தோடு சுமக்க வேண்டி வரும். பிள்ளை வேண்டும் என்றால் வையுங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள். வீடியோக்காரனுக்குக் கொடுத்த முற்பணம் பெரிதல்ல.

சொந்தத்தில் கட்டியதாலா? கிரகணத்தாலா? யாராவது செய்வினை வைத்ததாலா?

கிரகணமும் செய்வினையும் காரணமல்ல. சீ.ஏ.எச். பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுக் குறை சந்திக்கும்போது வருவது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் கட்டும்போது அந்தச் சந்திப்புக்கு வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் வருகிறது என்பதும் உண்மை. சீ.ஏ.ஐ.எஸ். பெரும்பாலும் தாய் வழியாக வரும், சிலருக்குப் புதிதாகவே தோன்றும். இதைத் தாயைக் குற்றம் சாட்டும் ஆயுதமாக மாமியார் வீடு எடுத்துக்கொள்ளும், அங்கேதான் உங்கள் குரல் வேண்டும். அடுத்த பிள்ளை பற்றி யோசிக்கும்போது டொக்டரிடம் கேட்க வேண்டிய தகவல் இது, அவ்வளவுதான்.

ஆசிரியராக நான் என்ன செய்யலாம்?

தரம் 1, 4, 7, 10 இல் நடக்கும் பாடசாலை வைத்தியப் பரிசோதனைக்கு முன் பெற்றோரிடம் தனியே கேளுங்கள். தேவையென்றால் சுகாதார வைத்திய அதிகாரியிடம் முன்கூட்டிப் பேசி, அந்தப் பிள்ளையை வரிசையில் நிறுத்தாமல் தனியறையில் பார்க்க வைக்கலாம். கழிவறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் போடுங்கள். எந்தப் பிள்ளையும் காரணம் சொல்லாமல் ஆசிரியர் கழிவறையைக் கேட்டால் திறந்து விடுங்கள். விளையாட்டுக்கு உடுப்பு மாற்றுவது வகுப்பில் கூட்டமாக நடக்க வேண்டாம்.

விளையாட்டு என்றதும் புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனைப் பிள்ளைகள் கேட்கலாம். 2006 டோஹா ஆசிய விளையாட்டில் 800 மீற்றரில் வெள்ளி வென்றவர், பால் பரிசோதனைக்குப் பின் பதக்கத்தைப் பறித்தார்கள், அதை உலகத்துக்கே அறிவித்தார்கள். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார். அப்படியே சொல்லிக் கொடுங்கள்.

கல்யாணப் பேச்சு வருகிறது. மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் சொல்ல வேண்டாமா?

நீங்கள் சொல்லக் கூடாது. அது அந்தப் பெண்ணின், அந்தப் பையனின் செய்தி. பிள்ளை பெற முடியாது என்று தெரிந்திருந்தால், கட்டப் போகிறவரிடம் தானே முன்கூட்டிச் சொல்வது பின்னால் வரும் அடிதடியைத் தவிர்க்கும் என்று அவரிடம் எடுத்துச் சொல்லலாம். தரகரிடமோ மாமனிடமோ அல்ல, கட்டப் போகிறவரிடம். சொல்லும்போது பக்கத்தில் இருக்கச் சொன்னால் இருங்கள்.

கட்டி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது நடக்காத காரியம். கட்ட விருப்பமில்லை என்று சொன்னால் அதோடு விட வேண்டும்.

ஹோர்மோன் மாத்திரையை நிறுத்திவிட்டதாகச் சொல்கிறாள். தலையிடலாமா?

சூலகமோ விதையோ எடுக்கப்பட்டவருக்கு உடம்பில் ஹோர்மோன் ஊறாது. மாத்திரை இல்லாவிட்டால் வருஷக்கணக்கில் எலும்பு மெலிந்து, சின்ன விழுகையிலும் முறியும். சரிவில் கூடை சுமப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. இதைச் சொல்லுங்கள். பிறகு ஏன் நிறுத்தினாள் என்று கேளுங்கள்: பெரும்பாலும் கிளினிக் நாள் பேர் போகிறது, பார்மசியில் தெரிந்தவர் இருக்கிறார், மாத்திரை அட்டையை மாமியார் பார்த்துவிட்டார் என்பது போன்ற காரணம்தான். அந்தக் காரணத்தைத் தீர்க்க உதவுங்கள். சீ.ஏ.எச். மாத்திரை மட்டும் வேறு கதை, அதைத் திடீரென்று நிறுத்தினால் பெரியவருக்கும் உயிராபத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

ஊடுபாலாக இருப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமல்ல. குழந்தைகளின் உறுப்பை அவசியமில்லாமல் வெட்டுவதைத் தடுக்கும் சட்டம் இலங்கையில் இல்லை. 2015இல் மோல்டா நாடு அப்படி வெட்டுவதைத் தடை செய்தது. 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைத் தடுக்கச் சொன்னது, அதே ஆண்டு ஆகஸ்ட்டில் தமிழ்நாடு அரசு உயிராபத்து தவிர மற்ற நேரங்களில் தடை செய்து ஆணை போட்டது. 2024 ஏப்ரலில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை ஊடுபாலருக்கான முதல் தீர்மானத்தை 24 வாக்குகளோடு, எதிர்ப்பு ஒன்றும் இல்லாமல் நிறைவேற்றியது. தமிழ்நாட்டு ஆணை தமிழில் பேசுவதற்கு எளிதான உதாரணம், இங்குள்ள டொக்டரிடமும் அரசியல்வாதியிடமும் அதை எடுத்துச் சொல்லலாம்.

போனில் வீடியோ சுற்றுகிறது, மிரட்டுகிறார்கள். என்ன செய்வது?

அனுப்பியவரின் எண், நேரம் தெரியும்படி திரையைப் படமெடுத்து வையுங்கள். வீடியோவை யாருக்கும், ஆதாரம் காட்டக்கூட, அனுப்ப வேண்டாம். 18 வயதுக்குட்பட்டவர் என்றால் சிறுவர் உதவி எண் 1929க்கு எடுங்கள். பொலிஸ் முறைப்பாட்டை எடுக்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் எண் 1996. மனம் உடைந்து தவறான முடிவு பற்றிப் பேசினால் மனநல உதவி எண் 1926, அத்துடன் அன்றிரவு அவரைத் தனியே விடாதீர்கள், கொழுந்துக்கு அடிக்கும் மருந்துப் போத்தல்களை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள்.

மாதர் சங்கக் கூட்டத்தில் அவரையே பேசக் கூப்பிடலாமா?

அவராகக் கேட்டால் மட்டும். பேச விரும்பினால் எதைப் பேச மாட்டார் என்பதை முதலில் கேளுங்கள். உறுப்பைப் பற்றிய கேள்வி வந்தால் நடத்துபவர் தடுக்க வேண்டும். ஒரு நாள் பேரையும் பஸ் காசையும் சங்கம் கொடுக்க வேண்டும்.

ஒருவரைப் பற்றி நான் ஏற்கனவே நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். இனி என்ன?

அவரிடம் போய் யார் யாரிடம் சொன்னீர்கள் என்பதைப் பெயரோடு சொல்லுங்கள். கசப்பாக இருக்கும், ஆனால் யாருக்குத் தெரியும் என்று தெரிந்தால்தான் அவர் தன்னைக் காத்துக்கொள்ள முடியும். பிறகு அந்த நாலு பேரிடமும் போய், "நான் சொல்லியிருக்கக் கூடாது, நீங்க யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்று கேளுங்கள். பொய்க் கதை கட்டி மூடப் பார்க்காதீர்கள், கதை கூடும். அவர் கொஞ்ச நாள் உங்களோடு பேசாமல் இருந்தால் வாசலில் போய் நிற்காதீர்கள்.